போடத் தெரியும், போட்டது தெரியாது

“சித்தி, ழ எங்க இருக்கு?” என்று அக்கா பையன் கேட்டதில்தான் இது தொடங்கியது. ஒரு செய்தித் தளத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. தமிழ் 99 விசைப்பலகையில் தட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டிலேயே சித்தி இருக்கும்போது வெளியே எதற்கு என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அயனாவரத்துக்கு வந்துவிட்டான். அவன் நினைத்ததில் தப்பில்லை. 24 வருஷமாக எனக்குச் சோறு போடுவது தமிழ்த் தட்டச்சுதான். பதிப்பகங்களுக்குத் தட்டிக் கொடுக்கிறேன், பக்கம் கட்டுகிறேன், பிழை திருத்துகிறேன். ஒரு நாளைக்கு 20 பக்கம் தட்டினால்தான் அன்றைக்கு வேலை செய்ததாகவே எனக்குத் தோன்றும். அப்படிப்பட்ட நான், ழ எங்கே என்று கேட்டவனுக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். “வலது பக்கம், கீழ...” என்றேன். “கீழேன்னா எந்தப் பட்டன் சித்தி?” என்றான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு மேஜை விரிப்பின் மேல் ‘வாழைப்பழம்’ என்று தட்டிப் பார்த்தேன். வலது கை சுண்டுவிரல் தானாகக் கீழே இறங்கி ஷிஃப்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான், “அதோ, சாய்கோடு போட்டிருக்கே, அந்தப் பட்டன்” என்று சொன்னேன். என் விரலைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்.

அவன் விடவில்லை. ஒரு தாளில் கட்டங்கள் போட்டு, நிரப்புங்கள் என்று நீட்டினான். அ, இ, உ எழுதினேன். க, ப, ம, த எழுதினேன். இடது ஆள்காட்டி விரலுக்கடியில் புள்ளி இருப்பது தெரிந்தது. அதற்கு மேல் பென்சில் தயங்கித் தயங்கித்தான் நகர்ந்தது. உயிரும் மெய்யுமாக 30 எழுத்தில் நான் சரியாக வைத்தது 13. ‘ஞ’வையும் ‘ச’வையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். “உங்களுக்கே தெரியலையா?” என்று அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. தினமும் பல ஆயிரம் தடவை தொடும் ஓர் இடம் எனக்குத் தெரியாது என்றால், இத்தனை வருஷம் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது யார்?

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஆடிக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு அம்மாதான் வைப்பாள், என் நினைவு தெரிந்த நாளிலிருந்து. அண்ணன் குடும்பம் ஆவடியிலிருந்து வந்திருந்தது. குழம்பை ஊற்றி ஒரு வாய் வைத்த அண்ணன், தட்டை அப்படியே தள்ளி வைத்தான். கருவாட்டில் இருக்கும் உப்பு போதாதென்று இரண்டு முறை உப்பு விழுந்திருந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. அம்மா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். “நான் ஒரு தடவதான்டா போட்டேன்” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த வரையில் ஒரு தடவைதான்.

அதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே அம்மாவை டாக்டரிடம் காட்டியிருந்தோம். அம்மாவுக்கு 76 வயது. என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். மூன்று சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னார். மாம்பழம், நாற்காலி, ரூபாய். உடனே கேட்டபோது சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டுக் கேட்டபோது ஒரு சொல் கூட இல்லை. கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தாள். மறதி நோயின் ஆரம்பம் என்று பொறுமையாக விளக்கி மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்: மறதி. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம். கருவாட்டுக் குழம்புக்குப் பிறகு அம்மாவை அடுப்படிக்கு விட வேண்டாம் என்று அண்ணன் சொன்னான். நானும் சரி என்றேன். அந்தச் சரியை இப்போதும் நான் மன்னிக்கவில்லை.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டால் எழுந்து வருவாள். “நான் இன்னாடி பண்ணட்டும்?” என்பாள். “ஒண்ணும் வேணாம்மா, உக்காரு” என்பேன். திரும்பிப் போவாள். கால் மணி நேரம் கழித்து, முதல் தடவை கேட்பதுபோல மறுபடியும் வந்து நிற்பாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை.

வரும், வராது

தமிழில் இதற்கு ஒரு சொல் வழக்கு இருப்பதை அந்த நாட்களில்தான் கவனித்தேன். நீச்சல் வருமா என்று கேட்கிறோம். அவருக்கு நாயனம் நன்றாக வரும் என்கிறோம். எனக்குக் கணக்கு வராது என்கிறோம். ஆனால் ‘எனக்கு டெல்லி இந்தியாவின் தலைநகரம் என்பது வரும்’ என்று யாரும் சொல்வதில்லை. தெரிந்த செய்தியை நாம் எடுத்துச் சொல்கிறோம். வித்தையோ நம்மிடம் வருகிறது, கூப்பிட்டால் வரும், சில நாள் வராது. மறப்பதிலும் அப்படித்தான். பெயர் மறந்துவிட்டது, தேதி மறந்துவிட்டது என்போம். பத்து வருஷம் வீணையைத் தொடாதவர், வீணை மறந்துவிட்டது என்று சொல்வது அபூர்வம். “டச் விட்டுப்போச்சு” என்பார். டச் என்பது இங்கிலீஷ்தான், ஆனால் இந்த இடத்தில் அதைவிடச் சரியான சொல் நம்மிடம் இல்லை. விட்டுப்போனதைத் தொட்டுத்தான் திரும்பப் பிடிக்க முடியும். யோசித்துப் பிடிக்க முடியாது.

என்னுடைய 13 எழுத்துக்கு எனக்கு ஆறுதல் தந்தது ஓர் ஆய்வு. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2013இல் இதையேதான் செய்து பார்த்திருக்கிறார்கள். நன்றாகத் தட்டத் தெரிந்தவர்களைக் கூட்டி, முதலில் தட்டச் சொன்னார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 72 சொல் வேகம். பிறகு எழுத்தில்லாத விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 26 ஆங்கில எழுத்தில் சராசரியாக 15ஐத்தான் சரியாக வைக்க முடிந்தது. விரல் ஓடும் வேகத்தில் மற்ற இடங்களை அவர்களில் பலர் செய்தியாக எடுத்து வைத்துக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது. எடுத்து வைத்திருந்தவர்களும் தேவைப்படாமல் தொலைத்திருக்கலாம்.

நான் தொலைத்தவள்தான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு காலத்தில் எழுத்தெழுத்தாகத் தெரிந்துதான் தொடங்கினேன். 1995இல் கொன்னூர் நெடுஞ்சாலையில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலை ஆறு மணி பேட்ச். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. ஒரு வாரம் முழுக்க இதே வரி, பக்கம் பக்கமாக. வாய்க்குள் எழுத்தைச் சொல்லிக்கொண்டே தட்டுவேன். கையைப் பார்த்தால் சார் பின்னாலிருந்து வந்து ஒரு துண்டை என் கைகளின் மேல் போட்டுவிடுவார். துண்டுக்கடியில் விரல்கள் இருட்டில் தடவித் தடவிப் பழகின. எப்போது வாய் நின்றது, எப்போது விரல் தனியாகப் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் தட்டிக்கொண்டே பக்கத்து மெஷின் பெண்ணோடு சினிமா பேசிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

லோயர் முடித்து ஹையர் போனேன். நிமிடத்துக்கு 30 சொல்லிலிருந்து 45 சொல். பரீட்சைக்கு நாம் பழகிய மெஷினையே தூக்கிக்கொண்டு போவார்கள். மீன்பாடி வண்டியில் நாலைந்து ரெமிங்டன்களை வரிசையாகக் கட்டி, மேலே சாக்கு போட்டு, பரீட்சை மையத்துக்கு அனுப்பியது மட்டும் கண்ணில் நிற்கிறது. எந்தத் தேதி, எந்தக் கல்லூரி, என்ன பாடம் கொடுத்தார்கள், எதுவும் நினைவில்லை. சாரின் முகம் கூட எனக்கு இப்போது வருவதில்லை. அவர் போட்ட துண்டின் கனம் கை மேல் இருக்கிறது. அவர் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் இந்த வரியையும் தட்டிக்கொண்டிருக்கிறேன். கற்ற கதை போய்விட்டது, கற்றது இருக்கிறது.

பழக்கம் தங்கிவிடுவதில் ஒரு தொல்லையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 வந்தது. நான் அதற்கு மாறியது சில வருஷம் கழித்து. இடது பக்கம் உயிர், வலது பக்கம் மெய் என்ற அதன் ஒழுங்கு பத்து நிமிடத்தில் மண்டையில் ஏறிவிட்டது. ‘அம்மா’ என்று தட்ட புள்ளியே வேண்டாம், மகரத்தை இரண்டு தடவை தட்டினால் முதலாவது தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும் என்பதும் புரிந்தது. எல்லாம் தெரியும். ஆனால் மூன்று மாதம் கை பழைய மெஷினைத்தான் தட்டியது. தெரிந்துகொள்ள ஆன பத்து நிமிடத்துக்கும், கைக்கு வர ஆன மூன்று மாதத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அம்மாவின் விஷயத்தில் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

அப்பா ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் கூடு செய்யும் ஷெல் பிரிவில் வெல்டர். அப்ரண்டிஸ் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். எத்தனை ஆம்பியர் வைக்கணும் அண்ணே என்பார்கள். ஒரு நம்பர் சொல்வார். சொன்ன கையோடு, “நம்பரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காத. சத்தத்தைக் கேளு. எண்ணெயில வடை வேகற மாதிரி ஒரே சீரா வரணும்” என்பார். நம்பர் அந்தப் பையன்களோடு தெரு முனை வரை போயிருக்கும். சத்தத்தைக் கேட்க அவர்கள் மறுநாள் அவர் பக்கத்தில்தான் போய் நிற்க வேண்டும். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவரிடமிருந்து அந்த வாக்கியம் எனக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் எனக்கு வெல்டிங் வராது.

கண்ணாடிக்குள் ஒரு நட்சத்திரம்

மூளையைப் பற்றிய ஒரு புத்தகத்துக்குப் பக்கம் கட்டியபோது படித்த ஒரு மனிதர் அந்த நாட்களில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தார். ஹென்றி மோலைசன். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்தவர். கடுமையான வலிப்பு நோய். 1953இல், 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும் பங்கையும் அதை ஒட்டிய இடங்களையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்குள் தங்கவில்லை. பேச்சு நன்றாக இருந்தது, புத்தி நன்றாக இருந்தது, பழைய நினைவுகளில் நிறைய இருந்தன. சற்று முன் யாரிடம் பேசினார் என்பது மட்டும் இருக்காது. அவர் 2008இல் 82 வயதில் இறக்கும் வரை, எச்.எம். என்ற இரண்டு எழுத்தாகத்தான் உலகம் அவரை அறிந்திருந்தது.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் மாண்ட்ரியலிலிருந்து வந்து அவரைப் பரிசோதித்தார். ஒரு தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் தாளையும் கையையும் நேராகப் பார்க்கக் கூடாது, எதிரிலிருக்கும் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள். மூலையில் திரும்பும்போது கை எதிர்ப்பக்கம் இழுக்கும், கோடு கன்னாபின்னாவென்று போகும். எச்.எம். முதல் நாள் அப்படித்தான் போட்டார். பல தடவை போட்டதில் கொஞ்சம் தேறினார். இரண்டாம் நாள், முதல் நாள் விட்ட இடத்திலிருந்து மேலும் தேறினார். மூன்றாம் நாள் கோடு ஏறக்குறைய சுத்தமாக வந்தது. ஆனால் இப்படி ஒரு வேலையை முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக உட்கார்ந்து, பழகிய கையோடு வரைந்தார்.

இதைப் பக்கம் கட்டியபோது ஒரு விந்தையாகத்தான் படித்தேன். இப்போது வேறு மாதிரிப் படித்தேன். அந்த மூன்று நாளில் தெரிந்தது இதுதான்: என்ன நடந்தது என்ற செய்தியை வைக்கிற இடம் ஒன்று, எப்படிச் செய்வது என்ற பழக்கத்தை வைக்கிற இடம் வேறு. முன்னதற்கு ஹிப்போகேம்பஸ் இல்லாமல் முடியாது. பின்னதில் சிறுமூளைக்கும், மூளையின் ஆழத்திலிருக்கும் பேசல் கேங்க்லியா என்ற முடிச்சுகளுக்கும் பெரிய பங்கு. கைக்கு ஞாபகம் இருக்கிறது என்று நாம் சொல்வது அழகுக்காகத்தான். கையில் எதுவும் இல்லை, அதுவும் மண்டைக்குள்தான் இருக்கிறது. ஆனால் நாம் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற அறையில் இல்லை. டாக்டர் அம்மாவிடம் கேட்ட மூன்று சொல்லும் அந்த முதல் அறைக்கான கேள்விகள். இரண்டாவது அறைக் கதவை யாரும் தட்டவில்லை. நாங்கள் வீட்டில் இருந்தவர்கள் தட்டியிருக்க வேண்டும்.

சங்கரா மீன் வாங்கிய நாள்

புரட்டாசி முடிந்து மீன் வாங்கிய முதல் ஞாயிறு. சங்கரா மீன், அரைக் கிலோ. நான் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வழக்கம்போல வந்து நின்றாள். நான் வழக்கம்போல உட்காரச் சொல்லப் போனேன். அதற்குள் அவள் என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிவிட்டாள். கேட்கவில்லை, வாங்கிவிட்டாள். “இப்படியா கரைப்பே” என்று மட்டும் சொன்னாள். நான் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். இந்தத் தடவை தடுக்காமல் பார்ப்போம் என்று தோன்றியது.

புளியை விரல்களுக்கு நடுவில் விட்டுக் கசக்கி, சக்கையை உள்ளங்கையில் உருட்டிப் பிழிந்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லை. வெங்காயம் வதங்கும்போது கரண்டியை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தாள். வாசனை மாறியதும் கை தானாகத் திரும்பி வந்து கிளறியது. மிளகாய்த்தூள் டப்பாவில் ஸ்பூன் இருந்தது, அதைத் தொடவே இல்லை. உள்ளங்கையில் கொட்டி, ஒரு முறை குலுக்கிப் பார்த்து, கொஞ்சம் திரும்ப டப்பாவில் போட்டாள். மாங்காயைக் கீறி, கொட்டையை விட்டுச் சதையை மட்டும் எடுத்தாள். குழம்பு கொதி வந்தது. கல்லுப்பு ஜாடியில் கையை விட்டாள். மூன்று விரலும் கட்டை விரலும் சேர்ந்து எடுக்கும் ஒரு அள்ளு. போட்டாள். பிறகு மீன் இருந்த சட்டியை எடுக்கச் சிங்க்குப் பக்கம் திரும்பினாள். தண்ணீரை வடித்தாள். ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பி அடுப்பைப் பார்த்தாள். கை மறுபடி ஜாடிக்குள் போனது.

அதே அள்ளு. அதே மூன்று விரல், அதே கட்டை விரல். முதலில் எடுத்த அளவுக்கும் இதற்கும் நாலு கல் வித்தியாசம் கூட இருக்காது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகை இல்லை. அவள் கை இரண்டாவது தடவையும் சரியாகத்தான் செய்தது. குழம்பு கொதிக்கிறது, மீன் கையில் இருக்கிறது, உப்பு போட வேண்டிய நேரம் இது. அறுபது வருஷப் பழக்கம் அதைச் சொல்கிறது, அளவும் சொல்கிறது. போட்டாகிவிட்டது என்ற ஒரே ஒரு சேதி மட்டும் அந்தக் கைக்குப் போய்ச் சேரவில்லை. அம்மாவுக்கு உப்பு போடத் தெரியும், போட்டது தெரியாது. நாங்கள் அவளிடமிருந்து எதைப் பிடுங்கி வைத்திருந்தோம் என்று அப்போது பார்த்தேன். அவளிடம் நன்றாக இருந்ததைப் பிடுங்கியிருந்தோம்.

ருசி பார்த்தால் தெரிந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அம்மா கொதிக்கும் குழம்பை எப்போதும் ருசி பார்க்க மாட்டாள். படையலுக்கு வைக்கும் வீட்டில் வளர்ந்த பழக்கம், வாசனையிலேயே முடித்துவிடுவாள். அந்தப் பழக்கமும் போகவில்லை. நல்ல பழக்கம் மட்டும் தங்கி, இடைஞ்சலான பழக்கம் போய்விடும் என்று எந்த ஏற்பாடும் கிடையாது.

கிண்ணம்

அப்புறம் நான் செய்தது சின்ன விஷயம். சமையல் தொடங்கும்போது அவள் எதிரில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தேன். “இன்னைக்குக் குழம்புக்கு எவ்ளோ உப்பும்மா, இதுல எடுத்து வை” என்பேன். பாத்திரத்தைப் பார்ப்பாள், ஜாடியில் கைவிடுவாள், அள்ளிக் கிண்ணத்தில் போடுவாள். அளவு அவளுடையதுதான், அதில் நான் தலையிடவில்லை. உடனே ஜாடியை மேல் தட்டில் ஏற்றிவிடுவேன். கிண்ணத்தில் உப்பு இருந்தால் இன்னும் போடவில்லை, காலியாக இருந்தால் போட்டாகிவிட்டது. அவள் தலைக்குள் தங்காத சேதி கிண்ணத்துக்குள் தங்கும்.

முதல் வாரம் ஒவ்வொரு நாளும், “இன்னாடி இது, கிண்ணத்துல உப்பு?” என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொன்னேன். ஜாடியைத் தேடினாள். கோபித்துக்கொண்டாள். ஒரு நாள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, உப்பே போடாமல் குழம்பை இறக்கிவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கேஸ் அடுப்பை அவளிடம் தனியாக விடுவதில்லை. பற்ற வைக்கத் தெரிந்தவளுக்குப் பற்ற வைத்தது தெரியாது என்றால், அது உப்பைவிடப் பெரிய ஆபத்து. அவள் சமைக்கும்போது நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். புது மிக்ஸியில் எந்தப் பக்கம் திருப்புவது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. அண்ணன் போனில், “அவங்களுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே, எதுக்கு இந்த ரிஸ்க்?” என்றான். ஏ.டி.எம். ரகசிய எண்ணைச் சொல்லு பார்ப்போம் என்றேன். சொல்ல வந்தவன் நிறுத்தினான். சிறிது நேரம் சத்தமில்லை. போனை இன்னொரு கைக்கு மாற்றி, விரலால் காற்றில் தட்டிப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். “சரி, பாத்துக்க” என்று வைத்துவிட்டான்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு அண்ணன் வந்திருந்தான். நெத்திலிக் குழம்பு, பக்கத்தில் ரசம். எனக்கு ஒரு பதிப்பகத்திலிருந்து போன் வந்ததால் ஹாலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் அடுப்படி வாசலில் காவலுக்கு நின்றான். நான் பேசி முடித்து வந்தபோது அம்மா ஜாடியை எடுத்துக் கிண்ணத்தில் உப்பு அள்ளி வைத்து, ஜாடியை எட்டாத அந்த மேல் தட்டில் எம்பி எம்பி ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. குழம்பு கொதி வந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்தாள், அடியில் இரண்டு தட்டு தட்டினாள், கவிழ்த்தபடியே மேடையில் வைத்தாள். மீனைப் பார்க்கத் திரும்பினாள். திரும்பி வந்தபோது கை உப்பைத் தேடிக் கொஞ்சம் நீண்டது, கவிழ்ந்திருந்த கிண்ணத்தில் பட்டது, நின்றது. மீனை எடுத்துப் போட ஆரம்பித்தாள். ரசத்துக்கும் இன்னொரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தாள். ரசத்துக்கு நான் கிண்ணமே வைத்ததில்லை.

“இது யாரும்மா சொல்லிக் கொடுத்தது உனக்கு, கிண்ணத்துல எடுத்து வைக்கறது?” என்று அண்ணன் கேட்டான்.

அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். “யாரு சொல்லிக் குடுக்கணும்? நான் எப்பவும் இப்படித்தான்டா பண்ணுவேன்” என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தட்டு எடுத்து வைத்தேன்.